வெம்மையும் வளமும்: வெட்டுப்புல்லின் வரலாறு குறித்த சில சிந்தனைகள்

வெட்டிய புல்லைக் குவித்து வைத்தால் அது சூடேறும். இவ்வுண்மையை எந்த நாட்டு உழவனும் ஏட்டைப் பார்த்து அறிந்தவனல்லன். காலையிற் குவித்த பச்சைப் புல்லினுள் மாலையிற் கையை நுழைப்பவன் அதனைத் தானே உணர்வான். ஆயின், இச்சூட்டினை மனிதர் நோக்கிய முறை காலந்தோறும் ஒன்றாக இருந்ததில்லை. நெடுங்காலம் அஃது அஞ்சத்தக்கதொன்றாகவே இருந்தது. உலர்புற் போரையும் தொழுவத்தையும் அழிக்கவல்ல தீயின் முன்னறிவிப்பாகவே கருதப்பட்டது. அதே சூட்டினைத் திட்டமிட்டு எழுப்பி, அளவில் நிறுத்தி, மண்ணுக்கு உணவாக்கும் கலை பண்டுதொட்டுப் பல நாட்டு உழவரிடையே இருந்ததாயினும், முறையான விவசாய விஞ்ஞானமாக அது உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டிலேயே ஆகும். இவ்வரலாற்றில் விஞ்ஞானிகளின் பெயர்கள் சில இடம்பெறுகின்றன. பெயரின்றி நிற்போர் அவர்களினும் மிகப் பலர். இவ்விரு திறத்தாரையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

உரோமருடைய வேளாண் நூல்கள் இவ்விடயத்தில் வியக்கத்தக்க தெளிவுடையன. கி. மு. இரண்டாம் நூற்றாண்டினரான கேட்டோ, எருவாக்குதற்குரிய பொருள்களாக வைக்கோல், பதர், அவரையினத்தின் தாள், உமி, ஓக்கு மரத்தின் இலை முதலியவற்றை நிரற்படுத்துகின்றார். கி. பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, கால்நடைச் செல்வம் இல்லாதவனும் இலை தழைகளைத் திரட்டி எரு ஆக்கலாம் என்பர். அவரே பிறிதோரிடத்தில், புல்லை ஈரத்துடன் பரணில் ஏற்றினால் அது சூடேறித் தீயையே பிறப்பிக்கும் என்று எச்சரிக்கின்றார். எருக்குழி பற்றிய அறிவும் உலர்புற் போர் பற்றிய அச்சமும் ஒரே நூலில் இடம்பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. எனினும், ஒன்றை வளமாக்குவதும் மற்றதை எரிப்பதும் ஒரே நிகழ்ச்சிதான் என்பதை எடுத்துக்காட்டுதற்குப் பின்னும் ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகள் சென்றன. நம் மரபிலோ, திருக்குறளின் உழவு அதிகாரம் எருவிடுதலை உழுதலினும் மேலாக வைத்துப் பேசுகின்றது. அவ்வெருவை ஆக்குவது எங்ஙனம் என்பதை அது கூறவில்லை. கூறவேண்டிய தேவை இருக்கவில்லை என்றே கொள்ளலாம். செய்கை முறை கையிலிருந்து கைக்குச் சென்றது, ஏட்டில் ஏறவில்லை.

சூடேறுதலின் காரணத்தை ஆய்வுகூடத்திற்குள் கொண்டுவந்தவர்களுள் யேர்மன் தாவரவியலாளரான ஹூகோ மீஹெ முதன்மையானவர். 1907 இல் அவர் வெளியிட்ட நூல், உலர்புல் தானே சூடேறுதலைப் பற்றியது. கிருமியழிக்கப்பட்ட ஈரப்புல் சூடேறுவதில்லை என்றும், அதனுள் நுண்ணுயிர்களை மீளப் புகுத்தியவிடத்து அது மறுபடியும் சூடேறுகின்றது என்றும் அவர் காட்டினார். வெட்டப்பட்ட புல்லின் கலங்கள் சிறிது நேரம் சுவாசித்துக்கொண்டே இருப்பன. அதனோடு பற்றீரியாக்களும் பங்கசுக்களும் சேர்ந்து வெல்லங்களையும் புரதங்களையும் சிதைக்கத் தொடங்குகின்றன. குவியலின் நடுவிலுள்ள வெப்பம் வெளியேற வழியின்மையால் அங்கே தேங்குகின்றது. வெம்மையை விரும்பும் நுண்ணுயிர்கள் பின்னர் ஆட்சியைக் கைக்கொள்ள, வெப்பநிலை 70 பாகை சதமவளவை வரை ஏறுகின்றது. அதற்கு மேல் அவையும் மடிகின்றன. குவியல் சிறிதாயின் கதை அங்கு முடியும். பெரிதாயும் இறுகியதாயும் இருப்பின், உயிர்களின் துணையின்றியே ஒட்சியேற்றம் தொடர்ந்து, சில நாட்களோ வாரங்களோ கழிந்தபின் தீ எழும். வளமும் அழிவும் ஒரே படிக்கட்டின் கீழ்ப்படியும் மேற்படியுமாக உள்ளன எனலாம்.

தீயினும் மெல்லியதொரு கேடும் இதிலுண்டு. இங்கிலாந்தின் வெஸ்ற்மோர்லாந்துப் பகுதியில், பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணைத் தொழிலாளர்க்கு ஏற்பட்ட மூச்சுத்திணறலைக் காம்பெல் என்னும் மருத்துவர் 1932 இல் விவரித்தார். சூடேறிய புல்லில் வளரும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்பது 1963 இல் பெப்பிசு முதலியோரது ஆய்வால் தெளிவாயிற்று. புற்போரைக் கட்டியவனின் நெஞ்சு பற்றி நூல்கள் பேசுதற்கு இவ்வளவு காலம் சென்றமை சிந்திக்கத்தக்கது.

பூந்தோட்டத்துப் புற்றரை இக்கதையினுள் நுழைவது 1830 இல் ஆகும். அவ்வாண்டில் குளொஸ்ரர்ஷயரைச் சேர்ந்த எட்வின் படிங், துணி ஆலைகளில் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் பொறியை முன்மாதிரியாகக் கொண்டு புல் வெட்டும் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் அரிவாளால் அரியப்பட்ட புல் நீண்டதாயும் எளிதில் உலர்வதாயும் இருந்தது. பொறி வெட்டிய புல்லோ குறுந்துணுக்குகளாய், சாறு மிகுந்ததாய், ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போற் படிவதாய் அமைந்தது. அதன் நிறையில் முக்காற் பங்குக்கும் மேல் நீரே. விலங்குக்கு உணவாகாத, உலர்த்தி வைக்கவும் எளிதிலியலாத புதியவகைக் கழிவொன்று செல்வர் வீட்டுத் தோட்டங்களில் இவ்வாறு தோன்றியது.

எருவாக்கத்தின் விஞ்ஞான வரலாறு மேலைநாட்டுத் தோட்டத்திலன்றி, மத்திய இந்தியாவின் பருத்தி நிலத்திலே எழுதப்பட்டது. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 1840 இல் லீபிக் தாவர ஊட்டம் பற்றிய தமது நூலை வெளியிட்ட காலந்தொட்டு, மண்ணை இரசாயனக் களஞ்சியமாகக் கருதும் போக்கு வலுப்பெற்று வந்தது. 1913 இல் யேர்மனியின் ஒப்பாவுவில் வளிமண்டல நைதரசனிலிருந்து அமோனியா ஆக்கும் ஆலை இயங்கத் தொடங்கியதும் அப்போக்குக்கு எல்லையே இல்லை என்று தோன்றியது. இதற்கு மாறான குரல்களும் எழாமலில்லை. அமெரிக்கரான பிராங்கிளின் கிங் 1909 இல் சீனா, கொரியா, யப்பான் ஆகிய நாடுகளிற் சுற்றி, அங்குள்ள உழவர் கழிவு எதனையும் வீணாக்காது நிலத்துக்கே மீட்டளித்தமையைக் கண்டு எழுதிய நூல் 1911 இல் வெளிவந்தது.

1905 இல் பீகாரின் பூசாவில் அரசாங்கத் தாவரவியலாளராகப் பணியேற்ற அல்பேட் ஹவார்ட் இந்நூலாற் பெரிதும் கவரப்பட்டவர். 1924 இல் இந்தூர் சமஸ்தானத்தில் நிறுவப்பட்ட தாவரத் தொழில் நிலையத்தின் தலைவராக அவர் அமர்ந்தார். பருத்தி ஆய்வுக்கென ஏற்பட்ட நிதியே அந்நிலையத்தைத் தாங்கியது. ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சைப் பெருக்குதலே அதன் பின்னிருந்த நோக்கம். ஆனால் அங்கு விளைந்த முதன்மையான பயன் பருத்தியன்று, எரு! கடினமான பருத்தித் தண்டுகள் வண்டிப் பாதையிற் பரப்பப்பட்டு, சில்லுகளால் நசுக்கப்பட்டன. பின்னர் அவை மாட்டின் கீழ்ப் படுக்கையாகி, சாணத்துடனும் சிறுநீர் ஊறிய மண்ணுடனும் சாம்பலுடனும் கலக்கப்பட்டு, ஆழமற்ற குழிகளில் இடப்பட்டன. மும்முறை புரட்டப்பட்டு ஏறத்தாழ 90 நாட்களில் அவை கருநிறக் கூட்டெருவாயின. பசும்புல்லையும் களைகளையும் முதலில் வாடவிட்டே குழியிற் சேர்த்தல் வேண்டும் என்பது ஹவார்ட்டின் கண்டிப்பான விதி. ஈரப்புல் இறுகிக் காற்றை அடைத்துவிடும். காற்றின்றேல் கூட்டெருவன்று, நாற்றமே மிஞ்சும்.

1931 இல் வெளிவந்த நூலின் முகப்பில் ஹவார்ட்டின் பெயரோடு யஷ்வந்த் வாட் என்னும் இந்திய இரசாயனவியலாளரின் பெயரும் உள்ளது. குழிகளின் காபன், நைதரசன் கணக்குகளில் வாட்டின் பங்கு பெரிது. பிற்காலத்துத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டுவோர்க்கு ஹவார்ட்டின் பெயர் எங்கும் தென்படும். வாட்டின் பெயரைத் தேடித்தான் காணவேண்டும். ஹவார்ட்டின் மனைவியாகிய கப்ரியேல், திருமணத்துக்கு முன்பே கேம்பிரிட்சில் தாவர உடலியல் ஆய்வாற் புகழ்பெற்றவர். இந்தியாவிற் கால் நூற்றாண்டு உடனுழைத்து 1930 இல் மறைந்தார். அவர் பெயரும் அடிக்குறிப்பளவிலேயே நிற்கின்றது. உழவரையும் பூச்சி நோய்களையும் தம் பேராசிரியர்களாகக் கொண்டதாக ஹவார்ட் எழுதினார். அது வெறும் பணிவுரையன்று என்பதே எமது கருத்து. ஆயினும், பேராசிரியர்களின் பெயரைக் குறிப்பிடும் வழக்கமுள்ள கல்வியுலகம் இந்தப் பேராசிரியர்களின் பெயர்களைக் குறித்துவைக்கவில்லை.

1939 இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா நகரக் கழிவுக்கெனப் பிறிதொரு முறையை வகுத்தார். அதில் தொடக்கச் சூட்டின் பின் குழி மூடப்பட்டுவிடும். புரட்டும் கூலி மீதமாகும், காலம் நீளும்.

ஹவார்ட் 1937 இன் இறுதியிலும் 1938 இன் தொடக்கத்திலும் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டார். பிற்காலத்தில் நம் மலைநாட்டிற் பழந்தேயிலை பிடுங்கப்பட்ட நிலங்களில் குவாத்தமாலாப் புல்லும் மானாப் புல்லும் நடப்பட்டு, காலத்துக்குக் காலம் வெட்டப்பட்டு நிலத்திலேயே பரப்பப்பட்டன. களைத்த மண்ணை வெட்டுப்புல்லால் மீட்கும் இம்முறை விஞ்ஞானச் சாதனையென ஏடுகளிற் பேசப்படுகின்றது. மழையிலும் அட்டையிலும் நின்று அப்புல்லை வெட்டிய கைகள் தோட்டத் தொழிலாளருடையவை. யாழ்ப்பாணத்திலோ தோட்ட நிலத்திற் குழை தாழ்ப்பதும் ஆட்டுப்பட்டி அடைப்பதும் ஹவார்ட்டை அறியாதோரின் வழக்கங்களாகும்.

வீட்டுத் தோட்டத்திலே புற்றரை வைத்திருப்போர்க்கு இவ்வரலாறு கூறும் செய்முறை எளிது. வெட்டிய புல்லைப் பையிலோ மூடிய அறையிலோ சுவரோரத்திலோ திணித்து வைத்தல் ஆகாது. மெல்லியதாகப் பரப்பி ஓரிரு நாள் வாடவிடல் வேண்டும். பசும்புல்லில் நைதரசனின் 1 பங்குக்குக் காபன் 20 பங்கு அளவிலேயே இருத்தலால், தனித்துக் குவித்தால் அமோனியா நாற்றம் எழும். சருகும் வைக்கோலும் கலந்து அவ்விகிதத்தை 30 அளவுக்கு உயர்த்தினால் நாற்றம் அடங்கும். ஒரு மீற்றர் உயரம் போதுமானது. நடுவிலே 55 முதல் 65 பாகை வரை சூடேறுவது நன்று. களை விதைகளுட் பெரும்பாலன அதில் மடியும். அதற்கு மேல் ஏறினாற் புரட்டிவிடல் வேண்டும். புரட்டாது விடப்பட்ட எருக்குவியலில் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பது தென்னை வைத்திருப்போர் அறிந்ததே. களைகொல்லி தெளித்த புல்லையும் சேர்த்தலாகாது: 2000 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், குளோபிரலிட்டு என்னும் களைகொல்லி கூட்டெருவிலும் அழியாது எஞ்சித் தக்காளிச் செடிகளைக் கெடுத்தது.

கூட்டெரு ஒரு கையளவுத் தோட்டத்தில் எளிதென்பதால் ஒரு நாட்டளவிலும் எளிதென்று கொள்ளலாமா? 2021 மே மாதத்தில் இலங்கை அரசு அசேதனப் பசளைகளின் இறக்குமதியைத் தடைசெய்தபோது இவ்வினாவே எழுந்தது. 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம், அதாவது 23 கிலோ, நைதரசன் உண்டு. கூட்டெருவின் நைதரசன் 1 முதல் 2 வீதமே. 1 வீதமெனக் கொண்டால் ஒரு மூட்டைக்கு ஈடாக 2300 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் முதற் போகத்திற் பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே. இக்கணக்கைக் கூட்டெருவின் பகைவர் எவரும் புனையவில்லை. இந்தூரின் குழிகளை அளந்த வாட் அறியாததுமன்று. பொருளைத் திரட்டவும் வாடவிடவும் புரட்டவும் ஆளும் காலமும் வேண்டும் என்பதை எந்தக் கமக்காரனும் கூறியிருப்பான். அவனைக் கேட்டறியும் ஒழுங்கு அன்றிருக்கவில்லை. நவெம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது.