ஆடியோ ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் தகவல்கள்: ஒரே வரி கட்டளையில் பார்ப்பது எப்படி?

"இந்த ஆடியோ எப்போ எடுத்தது? உண்மைதானா?" லீக் ஆடியோ ஒன்று பரவினால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதிலின் ஒரு பகுதி அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கலாம். அதுதான் மெட்டாடேட்டா.

மெட்டாடேட்டா என்றால் என்ன?

ஒலியோடு சேர்த்து ஃபைலில் எழுதப்படும் குறிப்புகள். எம்பி3 பாட்டு ஓடும்போது ஸ்கிரீனில் பாடகர் பெயர், ஆல்பம் பெயர் வருகிறதே, அது இங்கிருந்துதான் வருகிறது. 1996-ல் எரிக் கெம்ப் உருவாக்கிய 'ஐடி3' முறையில் ஃபைலின் கடைசி 128 பைட்டுகள்தான் இதற்கான இடம். 1998-ல் வந்த அடுத்த வடிவம் இதை ஃபைலின் தொடக்கத்துக்கு மாற்றி, இடத்தையும் பெரிதாக்கியது.

விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கிய பெயர்

2004-ல் ஜெர்மனியின் 'பிசி வெல்ட்' இதழ் ஒரு விஷயத்தை வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த சில வேவ் ஃபைல்களை நோட்பேடில் திறந்தால், கடைசியில் 'சவுண்ட் ஃபோர்ஜ் 4.5' என்ற மென்பொருளின் பெயரும் 'டீப்ஸோன்' என்ற புனைபெயரும் தெரிந்தன. மென்பொருள் பூட்டை உடைத்து வெளியிடும் ஒரு குழுவோடு தொடர்புடைய பெயர் அது. காதுக்குக் கேட்காத ஒரு வரி, திருட்டு மென்பொருள் பற்றிய சந்தேகத்தைக் கிளப்பியது.

எப்படிப் பார்ப்பது?

* எஃப்எஃப்ப்ரோப்: இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்குடன் சேர்ந்தே வரும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட், மேக் மற்றும் லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலத்தில் எஃப்எஃப்ப்ரோப் என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, ஃபைல் பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்க. ஆடியோவின் நீளம், பிட்ரேட், கோடெக், டேக்குகள் எல்லாம் வரிசையாக வரும்.
* எக்ஸிஃப்டூல்: இதையும் இலவசமாக நிறுவலாம். பயன்படுத்தும் முறை அதேதான். பல ஃபைல்களில் கூடுதல் விவரம் கிடைக்கும்.
* ஏஎஃப்இன்ஃபோ: மேக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது.

ஃபைல் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடணும். இல்லைன்னா கட்டளை சரியாக வேலை செய்யாது. கம்ப்யூட்டர் இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலிக்குள்ளும் எஃப்எஃப்எம்பெக்கை நிறுவலாம்.

எங்கே ஏமாறுவோம்?

1. எக்ஸிஃப்டூல் காட்டும் 'ஃபைல் மாற்றப்பட்ட தேதி' பெரும்பாலும் நீங்கள் டவுன்லோடு செய்த நேரம். பதிவு செய்த நேரம் என்று நினைத்துவிடாதீங்க.

2. எஃப்எஃப்ப்ரோப்பில் 'உருவாக்கிய நேரம்' சர்வதேச நேரத்தில் வரும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டணும். மாலை 6.30 என்று காட்டினால், இங்கே அப்போது நள்ளிரவு 12 மணி, தேதியே மாறிவிடும்.

3. 'என்கோடர்' வரியில் 'லாவ்எஃப்' என்று தொடங்கினால், ஃபைல் எஃப்எஃப்எம்பெக் வழியாக மறுபடி சேமிக்கப்பட்டிருக்கிறது. பல செயலிகளும் தளங்களும் இதைப் பயன்படுத்துவதால், வெட்டி ஒட்டியதற்கு இது ஆதாரம் ஆகாது.

4. டேக்கை ஒரே கட்டளையில் மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். டேக் இல்லை என்பதற்காக ஆடியோ போலி ஆகிவிடாது; டேக் இருப்பதால் உண்மையும் ஆகிவிடாது.

ஆதாரமாகக் கொடுக்கப் போகிறீர்களா?

பதிவான போனையும் ஒரிஜினல் ஃபைலையும் அப்படியே வைத்திருங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்க. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-வது பிரிவின்படி தரும் சான்றிதழில் ஃபைலின் 'ஹேஷ்' மதிப்பையும் கேட்கிறது. ஃபைலில் ஒரு டேக்கை மாற்றினாலும் ஹேஷ் மாறிவிடும். அதனால் சோதனை எதுவானாலும் நகலில் மட்டும் செய்யுங்க.