விழித்தெழாத மெய்நிகர்ப் பொறி

கிணற்று மோட்டார் ஓட மறுத்தால் கொங்கு நாட்டு உழவர் எடுத்த எடுப்பிலேயே மோட்டாரைக் கழற்றுவதில்லை. பியூஸ் போயிருக்கிறதா, மும்முனை மின்சாரம் மூன்று முனைகளிலும் வருகிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். ஒரு முனையில் மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் உறுமுமே தவிரச் சுழலாது. பிடிவாதமாக அழுத்திக்கொண்டிருந்தால் காயில் எரிந்துவிடும். 1937இல் ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியால் கோவையில் மின் மோட்டார் உருவான காலந்தொட்டு இவ்வட்டாரம் பழகிய பாடம் இது. பழுது பல வேளைகளில் பொறியில் இல்லை. பொறிக்கு வந்து சேர வேண்டிய ஒன்றில் இருக்கிறது.

இப்பாடம் கணிப்பொறிக்கும் பொருந்தும். இன்று மாணவர்கள் தம் கணிப்பொறிக்குள்ளேயே, மென்பொருளால் ஆன இன்னொரு கணிப்பொறியை இயக்கிப் பயில்கிறார்கள். விண்டோஸ் உள்ள பொறிக்குள் லினக்ஸ் ஓடுகிறது. இதுவே ‘விர்ச்சுவல் மெஷின்’ எனப்படும் மெய்நிகர்ப் பொறி. செய்முறைத் தேர்வுக்கு முந்திய நாள் அது விழித்தெழ மறுத்தால் என்ன செய்வது? பலர் பதறிப்போய் அதனை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். ஒரு பருவம் முழுவதும் செய்த வேலையும் அதனுடன் அழிந்துபோகிறது. அது ஏன் விழித்தெழவில்லை என்பதை அறிய, அதன் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முறைத் தண்ணீரும் முறைக் கணிப்பும்

1960களில் கணிப்பொறி என்பது ஓர் அறையை அடைத்து நிற்கும் விலையுயர்ந்த பொருள். ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, கணிப்பொறியின் நேரத்தையும் பங்கிட்டால் என்ன என்று அறிஞர்கள் எண்ணினர். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் 1964இன் இறுதியில் இப்பணியைத் தொடங்கினர். 1967 ஜனவரியில் ‘சி.பி.-40’ என்னும் அவர்களது அமைப்பு இயங்கலாயிற்று. ஒரே பொறி பதினான்கு பொறிகள்வரை தோற்றம் தந்தது. ஒவ்வொருவரும் தமக்கென்றே தனிக் கணிப்பொறி இருப்பதாகக் கருதி வேலை செய்யலாம்.

இதற்கு ஒரு வன்பொருள் உதவி தேவைப்பட்டது. நம் ஊர்களில் ஒவ்வொரு கிராமத்துக்கும் சர்வே எண் 1 உண்டு. எந்தக் கிராமத்து ஒன்றாம் எண் என்பதைப் பிரித்தறியப் பதிவேடு இருப்பதால்தான் குழப்பம் நேர்வதில்லை. அதுபோல ஒவ்வொரு மெய்நிகர்ப் பொறியும் தன் நினைவகம் பூச்சியத்தில் தொடங்குவதாகவே நம்புகிறது. அந்த முகவரியை உண்மை முகவரியாக நொடிதோறும் மாற்றித் தருவது முகவரி மாற்றி என்னும் மின்சுற்று.

சென்னை கண்ட 370

1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பட்டது. இந்த 155 ரகத்தின் முதல் வடிவமைப்பில் முகவரி மாற்றி இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1972 ஆகஸ்டில் ‘வி.எம்./370’ என்னும் மெய்நிகர்ப் பொறி அமைப்பை ஐ.பி.எம். அறிவித்தபோது, 155 வைத்திருந்தவர்கள் அதனை இயக்க விரும்பினால் பெரும்பொருள் செலவிட்டுக் கூடுதல் வன்பொருள் இணைக்க வேண்டியிருந்தது. 145 ரகத்திலோ அதற்கு வேண்டிய மின்சுற்று 1971 முதலே உள்ளே இருந்தது. நுண்நிரலை மாற்றியதும் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு பொறியில் இல்லாத உறுப்பு, மற்றொன்றில் உறங்கிக்கிடந்த உறுப்பு! இவ்விரு நிலைகளையும் நினைவில் வையுங்கள்.

மேசைக் கணிப்பொறியின் குறை

மெய்நிகர்ப் பொறிக்கு ஒரு செயலி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 1974இல் போப்பெக், கோல்ட்பர்க் என்னும் இருவர் வரையறுத்தனர். பொறியின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் மேற்பார்வை நிரலிடம் சிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மேசைக் கணிப்பொறிகளில் பரவிய இன்டெல் செயலிகள் இவ்விதிக்கு அடங்கவில்லை. பென்டியம் செயலியில் இவ்வாறு நழுவிச் செல்லும் கட்டளைகள் பதினேழு என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியால் வி.எம்.வேர் நிறுவனம் 1999இல் வெற்றி கண்டது. பின்னர் 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் இதற்கான உதவியைச் செயலியிலேயே சேர்த்தன.

ஆனால் அதே 2006இல் போலந்து நாட்டு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா, இவ்வுதவியைக் கொண்டே ஒரு தீய நிரல் இயக்க அமைப்புக்குத் தெரியாமல் அதன் கீழே ஒளிந்துகொள்ளலாம் என்று ‘புளூ பில்’ என்னும் சோதனையால் காட்டினார். வேண்டாதபோது மூடிவைக்க ஒரு மதகு வேண்டும் அல்லவா? கணிப்பொறியின் தொடக்க அமைப்பான ‘பயாஸ்’ அந்த மதகு. பல கணிப்பொறிகள் அது மூடிய நிலையிலேயே கடைக்கு வந்தன. 145 ரகத்தில் கண்ட உறங்கும் உறுப்பு இங்கும் இருக்கிறது!

எங்கே பார்ப்பது?

முதல் வேலையாக, மெய்நிகர்ப் பொறியின் வட்டுக் கோப்பை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். உங்கள் உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பிறகு திரையில் தோன்றும் செய்தியை முழுவதும் படியுங்கள்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயலிக்குரிய பக்கத்தில் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி இருக்கும். அது மூடியிருப்பதாகக் காட்டினால் பயாஸுக்குள் சென்று திறந்துவிடுங்கள். இன்டெல் பொறிகளில் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்றும், ஏ.எம்.டி. பொறிகளில் ‘எஸ்.வி.எம்.’ என்றும் பெயர் இருக்கும்.

அது திறந்திருந்தும் பயனில்லையா? மைக்ரோசாஃப்டின் ‘ஹைப்பர்-வி’ போன்ற வேறொரு மேற்பார்வை நிரல் அவ்வுதவியை முன்பே பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரே வாய்க்காலை இருவர் தம் பக்கம் திருப்பினால் சச்சரவு வராமலிருக்குமா?

அடுத்து இடத்தைப் பாருங்கள். நான்கு ஜிகாபைட் நினைவகம் உள்ள பொறியில் உள்பொறிக்கு நான்கையும் ஒதுக்க இயலாது. வட்டு நிரம்பியிருந்தாலும் அது எழாது. உறங்கவைத்த மெய்நிகர்ப் பொறி மின்வெட்டுக்குப் பின் எழவில்லையென்றால், சேமித்த உறக்க நிலையை மட்டும் நீக்கிப் பாருங்கள். சேமிக்காத வேலை போகும், வட்டிலுள்ளவை தங்கும்.

அழித்து நிறுவுவது இவை அனைத்தையும் பார்த்த பிறகே. மதகு மூடியிருப்பதுதான் காரணமென்றால், எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் அப்பொறி விழித்தெழப் போவதில்லை.