தலைமாட்டில் நிற்பவர்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என் அக்கா பேத்தி இங்கிலாந்தில் பட்டப்படிப்பு முடித்திருக்கிறாள். போன வாரம் போனில், "சின்னப் பாட்டி, அனஸ்தீசியா அசோசியேட் படிக்கலாம்னு இருந்தேன். ஆனா அந்த வேலைக்கு ஆள் எடுக்கவே கூடாதுன்னு டாக்டர்களே சொல்றாங்களே" என்றாள். ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, கண் விழிக்கும் வரை கவனிக்கிற வேலை அது. செய்பவர் டாக்டர் அல்ல. எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்த டாக்டர் பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது. மயக்கம் கொடுத்தவர் யார் என்று நான் கேட்கக்கூட இல்லை. அந்த வெட்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து, வலியில்லாமல் அறுவை சிகிச்சை நடக்கும் என்று காட்டினார். அடுத்த வருடம் குளோரோஃபார்ம் வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் இறந்துபோனாள். ஒரு நகத்துக்காக! கொடுப்பது சுலபம், கொடுத்தபின் கவனிப்பதுதான் வேலை என்று உலகம் அப்போதுதான் கற்க ஆரம்பித்தது.

இங்கிலாந்தில் அந்த வேலையை டாக்டர்களே வைத்துக்கொண்டார்கள். மருந்தை அளந்து கொடுக்கக் கருவி செய்த ஜான் ஸ்னோதான் 1853இல் விக்டோரியா ராணிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவர். 1935இல் மயக்கவியலுக்குத் தனி டிப்ளமோ தேர்வே வந்துவிட்டது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே பயிற்சி டாக்டர்களை மயக்கம் கொடுக்க நிறுத்தினால், அவர்கள் கண் நோயாளியின் முகத்தில் இல்லாமல் கத்தி போகிற இடத்திலேயே இருந்ததாம். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பையனை நாற்பது வருடம் மேய்த்தவளுக்கு இது நன்றாகப் புரிகிறது. அதனால் சர்ஜன்கள் நர்சுகளைப் பழக்கினார்கள். மின்னசோட்டாவில் மேயோ சகோதரர்களிடம் வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் அதில் பெரிய பெயர். ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி நோயாளியிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பாராம். 1906இல் அவர் எழுதிய கணக்கில் 14,000 மயக்கங்கள். மயக்க மருந்தால் ஒரு சாவுகூட இல்லை.

டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? டாக்மர் நெல்சன் என்ற நர்ஸ் மயக்கம் கொடுப்பது உரிமமில்லாத வைத்தியம் என்று லாஸ் ஏஞ்சலிஸில் வழக்குப் போட்டார்கள். சர்ஜன் சொற்படி செய்வதால் அது குற்றமில்லை என்று 1936இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த 'யாருடைய மேற்பார்வை' என்ற கேள்வியை மனதில் வையுங்கள்.

இங்கிலாந்தில் டாக்டர் பற்றாக்குறை வந்ததும், 2000களின் தொடக்கத்தில் அவர்களும் டாக்டர் அல்லாதவர்களைப் பயிற்றுவிக்க ஆரம்பித்தார்கள். அறிவியல் பட்டதாரிகளும் அனுபவமுள்ள நர்சுகளும் சேரலாம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 27 மாதம். உடலியலும் மருந்தியலும் பாடம் என்றாலும், பெரும்பகுதி ஆபரேஷன் அறையில் டாக்டர் பக்கத்தில் நின்று கற்பதுதான். முடித்தாலும் மருந்துச்சீட்டு எழுத முடியாது. மூத்த மயக்கவியல் டாக்டரின் மேற்பார்வையில்தான் வேலை.

2023இல் அரசு, இருநூறு பேர்கூட இல்லாத இந்தக் கூட்டத்தை 2036-37க்குள் 2,000 ஆக்குவோம் என்றது. அக்டோபரிலேயே மயக்கவியல் ராயல் கல்லூரி உறுப்பினர்கள் கூடி, ஆள் சேர்ப்பதை நிறுத்துங்கள் என்று பத்தில் ஒன்பது பங்கு வாக்களித்தார்கள். இளம் டாக்டர்களின் பயிற்சி வாய்ப்பு போகிறது, தன்னைக் கவனிப்பவர் டாக்டரா இல்லையா என்று நோயாளிக்கே தெரிவதில்லை என்பது அவர்கள் வாதம். 2024 டிசம்பரில் பொது மருத்துவக் கவுன்சில் இவர்களையும் தன் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் லெங் குழு அறிக்கை, 'அசோசியேட்' வேண்டாம், 'அசிஸ்டென்ட்' என்றே சொல்லுங்கள் என்றது. வேடிக்கை என்னவென்றால், 2019 வரை அவர்கள் பெயரில் 'அசிஸ்டென்ட்' தான் இருந்தது!

நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்பதில் நான் டாக்டர்கள் பக்கம். ஆனால் "குறைந்த படிப்பு" என்று உதட்டைச் சுழிக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்கிறது. நானும் இரண்டு வருட டிப்ளமோக்காரி. "பி.எட். இல்லையா டீச்சர்?" என்ற கேள்வியை ஓய்வு பெறும் நாள்வரை கேட்டவள். அதே சமயம், முதல் வருடம் பக்கத்து வகுப்பு மூத்த டீச்சர் இல்லாவிட்டால் நான் தேறியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

அதனால் அவளிடம் சேர் என்றோ சேராதே என்றோ சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆஸ்பத்திரியில் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். என் பக்கத்தில் நின்று யார் சொல்லித் தருவார்? எத்தனை மாதம் நிற்பார்? நடு ஆபரேஷனில் நான் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்? எழுதிக்கொண்டாள். பதில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.