ஆயிரம் சாட்சிகள், ஒரு முகம்

நேர்மையான சாட்சியின் நினைவும் பிழைபடலாம் என்று உளவியலாளர் ஹியூகோ மியூன்ஸ்டர்பெர்க் 1908இல் நூலெழுதி வாதிட்டார். ஹார்வர்டில் அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவே, 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உளவியல் துறையின் முதல் தலைவர். அதே நகரின் உயர் நீதிமன்றத்தில் பின்னாளில் இக்கேள்வி பவால் சந்நியாசி வழக்காக வந்து நின்றது.

பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாக அறிவிக்கப்பட்டார். 1921இல் ஒரு சந்நியாசி, தாமே அக்குமாரர் என்றார். தமக்கை ஏற்றார், மனைவி விபாவதி மறுத்தார். 1930இல் தொடுக்கப்பட்ட வழக்கில் டாக்கா நீதிபதி பன்னாலால் பாசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1936இல் சந்நியாசியின் பக்கம் தீர்ப்பளித்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அதனை ஏற்க, ஒருவர் மறுத்தார். 1946இல் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதிசெய்தது.

விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் கேள்வியின் வினைச்சொல்லை மாற்றினாலே வாகன வேக மதிப்பீடு மாறுவதை 1974இல் லாஃப்டஸ், பாமர் ஆய்வு காட்டியது. எனினும் சற்றுமுன் திரையில் கண்டதைச் சொல்வதும், பழகிய முகத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அடையாளம் காண்பதும் ஒன்றல்ல. ஆகவே சந்நியாசி யார் என்பதை அவ்வாய்வு தீர்மானிக்காது. அது உணர்த்துவது வேறொன்று: ஒன்பது ஆண்டுகள் ஊரே பேசித் தீர்த்த செய்தியில் ஆயிரம் சாட்சியங்கள் ஆயிரம் தனி நினைவுகள் ஆகா. பாசு உடற்குறிகளையும் தனித்தனியே ஆராய்ந்தது அதனாலேயே மதிக்கத்தக்கது.