ஏஜ்: 412 – ஆறு வரி ஹெடருக்கு ஓர் உரை

ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கேஷ் ஒன்று. தளத்துக்கு முன்னால் நாமே கொண்டுவந்து நிறுத்தும் சிடிஎன் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் தளம் பறக்கும் என்கிறார்கள். பறக்கும், இரண்டும் ஒத்துப்போனால். ஒத்துப்போகின்றனவா என்பதை வேகச் சோதனைத் தளங்கள் தரும் மதிப்பெண்ணில் தேட வேண்டாம். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பக்கத்தின் ஹெடரைத் திறந்தால் அது அங்கேயே எழுதியிருக்கும். லைட்ஸ்பீட் சர்வரில் ஒரு வேர்ட்பிரஸ் தளம், அதன் முன்னால் கிளவுட்ஃப்ளேர் சிடிஎன் என்று வைத்துக்கொள்வோம். முகப்புப் பக்கத்தின் ஹெடரில் நமக்கு வேண்டிய வரிகள் இவை:

எச்டிடிபி/2 200
கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=0, எஸ்-மேக்ஸ்ஏஜ்=600
வேரி: அக்செப்ட்-என்கோடிங்
ஏஜ்: 412
சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ்: ஹிட்
எக்ஸ்-லைட்ஸ்பீட்-கேஷ்: மிஸ்

'எச்டிடிபி/2 200'

கேட்ட பக்கம் கிடைத்தது என்று பொருள். எங்கிருந்து கிடைத்தது என்பதை இந்த வரி சொல்லாது. சர்வர் மும்பையிலும் வாசகர் டொராண்டோவிலும் இருந்தால் இடையில் சுமார் 12,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். ஆக, ஒருமுறை போய்வரக் குறைந்தது 125 மில்லிசெகண்ட். இணைப்பு ஏற்படுத்த ஒன்று, டிஎல்எஸ் பாதுகாப்புக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று என மூன்று முறை போய்வந்தாக வேண்டும். முதல் பைட் வருவதற்கே 375 மில்லிசெகண்ட் போய்விட்டது. எவ்வளவு விலை கொடுத்து எந்த ஹோஸ்டிங் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. டொராண்டோவிலேயே ஒரு பிரதி இருந்தால்தான் குறையும். அந்தப் பிரதியை வைப்பதுதான் சிடிஎன்னின் வேலை. எம்ஐடியில் டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் இந்தச் சிக்கலில் இறங்கி, 1998இல் அகமாய் என்ற சிடிஎன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

மறுபக்கம், பிஎச்பி ஓடி, டேட்டாபேஸைக் கேட்டு, பக்கத்தைக் கட்டித் தரும் நேரம் இருக்கிறதே, அது சர்வருக்குள் நடப்பது. சிடிஎன்னிடம் பிரதி இல்லாத ஒவ்வொரு முறையும் அந்த நேரமும் வாசகர்தான் காத்திருக்க வேண்டும். அதைக் குறைப்பது ஹோஸ்டிங் கேஷின் வேலை. ஒன்று இருந்தால் மற்றது எதற்கு என்பவர்களுக்கு இதுவே பதில்.

'பப்ளிக்'

இந்தப் பக்கத்தை வழியில் உள்ள எவரும் சேமித்து, யாருக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதி. ஆறு வரிகளிலும் ஆபத்தான சொல் இதுதான்.

2015 டிசம்பர் 25 அன்று வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுக் கடைமீது சேவைமறுப்புத் தாக்குதல் நடந்தது. நெரிசலைச் சமாளிக்க, கேஷ் சேவை தந்த கூட்டு நிறுவனம் புதிய கேஷ் விதிகளைப் போட்டது. அவற்றில் ஒன்று, லாகின் செய்தவர்களின் பக்கங்களையும் சேமித்துவிட்டது. ஒருவருக்காகக் கட்டிய கணக்குப் பக்கம் இன்னொருவர் திரையில் வந்தது. பில் முகவரி, மின்னஞ்சல், வாங்கியவற்றின் பட்டியல், கிரெடிட் கார்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படி வெளிப்பட்டிருக்கலாம் என்று வால்வே பின்னர் அறிவித்தது. யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. வேகத்துக்காகப் போட்ட விதியே கதவைத் திறந்துவிட்டது.

கிளவுட்ஃப்ளேர், நாம் சொல்லாதவரை, எச்டிஎம்எல் பக்கங்களைச் சேமிப்பதில்லை. படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளும். 'எல்லாவற்றையும் கேஷ் செய்' என்று விதி எழுதுபவர், லாகின் குக்கீயோ கார்ட் குக்கீயோ உள்ளவர்களுக்கு விதிவிலக்கும் அதே மூச்சில் எழுதியாக வேண்டும்.

'மேக்ஸ்-ஏஜ்=0, எஸ்-மேக்ஸ்ஏஜ்=600'

முன்னது பிரவுசருக்கு: பிரதியை வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் காட்டு. பின்னது சிடிஎன் போன்ற பொதுக் கேஷ்களுக்கு: பத்து நிமிடம் கேட்காமலே கொடு. நல்ல ஏற்பாடு. சிடிஎன்னில் உள்ளதை நாம் நினைத்தபோது அழிக்கலாம். வாசகரின் பிரவுசருக்குள் கைவிட முடியாது. அதனால் நீண்ட காலத்தைப் பிரவுசருக்குக் கொடுப்பது, பெயரிலேயே பதிப்பு எண் உள்ள கோப்புகளுக்குத்தான் பொருந்தும்.

'வேரி: அக்செப்ட்-என்கோடிங்'

சுருக்கும் முறைக்கு ஏற்பத் தனித்தனிப் பிரதி வை என்பது. இந்த இடத்தில் 'குக்கீ' என்றிருந்தால், அதை மதிக்கும் கேஷில் ஆளுக்கொரு பிரதி சேரும். கேஷ் இருந்தும் இல்லாததுதான்.

'ஏஜ்: 412', 'ஹிட்'

சிடிஎன் தன் கையிருப்பிலிருந்தே கொடுத்திருக்கிறது. பிரதிக்கு வயது 412 நொடி. இன்னும் 188 நொடி ஆயுள். ஆனால் ஏஜ் எண்ணை எப்போதும் அப்படியே நம்பக் கூடாது. லைட்ஸ்பீடின் வேர்ட்பிரஸ் பிளக்-இன் பொதுப் பக்கங்களை, மாற்றாவிட்டால், 6,04,800 நொடி வரை வைத்திருக்கும், ஒரு வாரம். ஹோஸ்டிங் கேஷ் தன்னிடம் கிடந்த காலத்தைக் கணக்கில் சொல்லாவிட்டால், மூன்று நாள் பழைய பக்கத்தையும் சிடிஎன் அப்போது பிறந்ததாகவே எண்ணும்.

செய்தியைத் திருத்தியும் பழையதே வருகிறது என்ற புலம்பலுக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான். சிடிஎன்னை முதலில் பர்ஜ் செய்து, அதாவது அதில் சேமித்ததை அழித்து, ஹோஸ்டிங் கேஷை அப்புறம் பர்ஜ் செய்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு வாசகர் வந்தால் போதும். சிடிஎன் சர்வரிடம் போய், அங்கே இன்னும் அழியாத பழைய பக்கத்தை வாங்கி, மறுபடி பத்து நிமிடத்துக்குப் பூட்டி வைத்துவிடும். உள்ளிருந்து வெளியே வாருங்கள்: முதலில் ஹோஸ்டிங் கேஷ், பிறகு சிடிஎன்.

'எக்ஸ்-லைட்ஸ்பீட்-கேஷ்: மிஸ்'

மேலே 'ஹிட்', கீழே 'மிஸ்'. ஹோஸ்டிங் கேஷ் வேலை செய்யவில்லை என்று இதைப் பார்த்துப் பதறுவார்கள். தேவையில்லை. சிடிஎன் பக்கத்தோடு ஹெடரையும் சேர்த்தே சேமிக்கிறது. இந்த 'மிஸ்' 412 நொடிக்கு முன் சர்வர் சொன்னது. இப்போதைய வாசகருக்கும் அந்தச் சர்வருக்கும் தொடர்பே ஏற்படவில்லை. ஹோஸ்டிங் கேஷை உள்ளபடி அறிய, கிளவுட்ஃப்ளேரில் டெவலப்மென்ட் மோடை இயக்கிவிட்டு, பக்கத்தை இரண்டு முறை திறக்க வேண்டும். அந்த மோடு மூன்று மணி நேரம் சிடிஎன் கேஷை ஒதுக்கி வைக்கும். இரண்டாம் முறை 'ஹிட்' வந்தால் ஹோஸ்டிங் கேஷ் நலமே.

தளத்தில் கடையோ உறுப்பினர் பகுதியோ இருந்தால் இன்னும் ஒரு சோதனை பாக்கி. டெவலப்மென்ட் மோடை நிறுத்திவிட்டு, லாகின் செய்த நிலையில் உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து ஐந்தாம் வரியைப் பாருங்கள். அங்கே 'ஹிட்' இருந்தால் அந்தக் கேஷ் விதியை உடனே நிறுத்துங்கள்; சிடிஎன் முழுவதையும் பர்ஜ் செய்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.