மூளை இடும் கட்டளை

மூளையின் அடியில், மெல்லிய காம்பொன்றில், பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருப்பது பிட்யூட்டரிச் சுரப்பி. தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவற்றை வேலை வாங்குவது இதன் முன்பகுதி. அதனால் இதனைச் சுரப்பிகளின் தலைவன் என்றே முன்பு அழைத்தனர். அந்தத் தலைவனை ஏவுவது யார்?

மூளைதான் என்று சிலர் ஐயுற்றனர். பெண் முயல் இணைசேர்ந்த பின்னரே அதன் கருமுட்டை வெளிப்படுகிறது. நரம்புகள் உணர்ந்ததைச் சுரப்பி எவ்வாறோ அறிந்துகொள்கிறது அல்லவா? ஆயினும், சுரப்பியின் பின்பகுதிக்கு மூளையிலிருந்து நரம்புகள் வருவதுபோல் முன்பகுதிக்கு வரக் காணோம். 1930இல் போபா, ஃபீல்டிங் என்னும் இருவர், காம்பின் வழியே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை விவரித்தனர். மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி ஒரு வேதிப்பொருளை இக்குழாய்களில் விடுகிறது. இரத்தமே அதைச் சுரப்பிக்குக் கொண்டு சேர்க்கிறது என்று வாதிட்டார் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ்.

எதிர்ப்பு எழுந்தது. காம்பை அறுத்தபின் சில விலங்குகளில் சுரப்பி ஓய்ந்தது. வேறு சிலவற்றில் வழக்கம்போல் இயங்கியது. ஏன் இந்த முரண்பாடு? அறுபட்ட குழாய்கள் மீண்டும் வளர்ந்து இணைவதை ஹாரிஸ் கண்டார். இடையில் மெழுகுத்தாள் வைத்துத் தடுத்தார், சுரப்பி ஓய்ந்தது. 1952இல் அவரும் டோரா யாக்கப்சோன் அம்மையாரும், பிட்யூட்டரி அகற்றப்பட்ட பெண் எலிகளுக்கு வேறு பிட்யூட்டரியைப் பொருத்தினர். ஹைப்போதாலமஸின் அடியில் பொருத்தப்பட்டவை மீண்டும் இயங்கின, எலிகள் கருவுற்றன. மூளையின் வேறிடத்தில் பொருத்தியவை பயன்தரவில்லை.

எனினும், “அப்பொருள் எங்கே?” என்ற கேள்வி நின்றது. அமெரிக்காவில் ரோஜர் கில்லெமின் ஆட்டு மூளைகளிலும், ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலும், போட்டி போட்டுக்கொண்டு தேடினர். இலட்சக்கணக்கான மூளைகளிலிருந்து கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான்! 1969இல் முதற்பொருளின் அமைப்பு வெளியாயிற்று. தைராய்டுக்குரிய கட்டளையான அதில் மூன்றே அமினோ அமிலங்கள். 1971இல் இனப்பெருக்கத்துக்குரிய கட்டளைப் பொருளின் அமைப்பும் தெரிந்தது.

அதே 1971இல் ஹாரிஸ் காலமானார். 1977இல் மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதியைக் கில்லெமினும் ஷாலியும் பகிர்ந்துகொண்டனர். மறுபாதி ரோசலின் யாலோ அம்மையாருக்குக் கிடைத்தது. மறைந்தவரைப் பரிசுக்குத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது நோபல் விதி.

இன்று அந்த இரண்டாம் பொருளை ஒத்த மருந்துகள், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையிலும், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் பயன்படுகின்றன. பொருளைக் கண்டவர்கள் பரிசு பெற்றனர்; அது வரும் வழியைக் காட்டியவர் ஹாரிஸ் என்பதையும் நாம் நினைவிற் கொள்வோம்.