தம் கதையைத் தாமே எழுதியவர்

சங்கரன்கோவில் ஆலயத்தினுள் சென்று பூலித்தேவர் மறைந்துவிட்டார் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலில் இருந்த அவருடைய கோட்டை 1761-ல் கான்சாகிபு யூசுப்கானிடம் வீழ்ந்தது. கும்பினிக்காகப் போரிட்ட அந்த யூசுப்கானும் பின்னர்க் கும்பினிக்கே பகைவராகி, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

தோற்றவர், வென்றவர் ஆகிய இருவருமே தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல் நமக்குக் கிட்டவில்லை. கும்பினியாரின் கடிதங்களையும் நாட்டுப் பாடல்களையும் கொண்டே அவர்களை அறிகிறோம். அவர்தம் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை யாரிடம் கேட்போம்?

மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ் மன்னரல்லர், தளபதியுமல்லர். நாகூரில் குடியேறி அங்கேயே மணம் புரிந்த யெமன் நாட்டு அரபியர் ஒருவரின் வழித்தோன்றல். மலாயுடன் தமிழும் கற்று, எழுத்துப் பணியால் வாழ்ந்தவர். 'ஹிகாயத் அப்துல்லாஹ்' எனும் தம் வரலாற்றை மலாய் மொழியில் 1843-ல் எழுதி முடித்தார். 1849-ல் அது சிங்கப்பூரில் அச்சேறியது. ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையைத் தகர்த்ததையும், பள்ளிச் சிறுவர் பெற்ற தண்டனைகளையும் கண்டவாறே அதில் எழுதினார். 1854-ல் ஹஜ்ஜுப் பயணத்தில் மறைந்த அவருடைய குரல் இன்றும் நமக்குக் கேட்கிறது.

நம் இல்லங்களில் முதியோர் இருக்கின்றனர். கடல் கடந்ததையும், கடை வைத்து நொடித்ததையும், மீண்டெழுந்ததையும் இரவு உணவுக்குப்பின் சொல்கின்றனர். கேட்டு மகிழ்ந்து உறங்கிவிடுகிறோம். அடுத்த முறை அவர்கள் பேசும்போது, கையில் ஓர் ஏட்டுடன் அமர்வோமாக.